நெற்றிப்பொட்டில் மூன்று மில்லிமீட்டர்

செப்டம்பர் 3

அக்காவுக்கு,

இது பாசத்தால் எழுதும் கடிதம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வலது கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒரு அம்மா, தினமும் ஒரு பக்கம் எழுதியே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். மூன்று நாள் செய்தித்தாளைப் பார்த்துக் காப்பியடித்தேன். எங்கள் வீட்டு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இதையே உங்க அக்காவுக்கு எழுதினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வருகிற மனைவியிடம் பேசி ஜெயிக்க முடியுமா? அதனால் இனி நீதான் எனக்குப் பயிற்சி நோட்டு.

என் நிலைமை உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. வந்து பார்த்தால்தானே. இருபத்திரண்டு மாடி லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை பார்த்தவன், ஜனவரியில் வீட்டுப் பரணிலிருந்து பெட்டி எடுக்கப்போய் ஸ்டூலிலிருந்து விழுந்தேன். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. மூளை வீங்கியதால் இடது பக்க எலும்பை உள்ளங்கை அளவுக்கு எடுத்துவிட்டார்கள். மே மாதம் அந்த இடத்தில் நீ வேலை பார்க்கிற கம்பெனி செய்த பிளாஸ்டிக் தகட்டை வைத்தார்கள். மண்டையில் ஒன்றுமே இல்லை என்று அப்பா என்னைத் திட்டுவாரே, இனி பிளாஸ்டிக்காவது இருக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு ஐந்து வாரம்தான். தையல் போட்ட இடம் பிரிந்து சீழ் வைத்தது. ஜூனில் மறுபடி திறந்து தகட்டை எடுத்துவிட்டார்கள்.

இப்போது படுத்தால் அந்த இடம் மேடாகிறது, எழுந்து நின்றால் பள்ளமாகிறது. குளிக்கப் போவதற்குக்கூடப் பஞ்சு வைத்த தொப்பி. டிசம்பர் 2ஆம் தேதி புதுத் தகடு வைப்பதாக நாள் குறித்திருக்கிறார்கள். அது சரியாக உட்கார்ந்தால்தான் தலைக்கவசம் போட முடியும். தலைக்கவசம் இல்லாதவனை எந்தக் குழியிலும் இறங்க விடமாட்டார்கள். இன்னொரு தடவை பிரிந்தால் மூன்றாம் தடவைக்கு உங்கள் தோல் தாங்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

உங்கள் கம்பெனி ஆஸ்பத்திரி வழியாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. விசாரித்தார்களாம். சூடேற்றும் அடுப்பை ஒரு தொழிலாளி ஒரு மணி நேரம் முன்கூட்டியே திறந்துவிட்டாராம், அதனால் தகடு வளைந்துவிட்டதாம், அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாம். தகட்டுக்கு முன்பு வரைந்த அதே படத்தை வைத்து, இந்த முறை ஒழுங்காகச் சூடேற்றிச் செய்து தருவார்களாம். ஒருத்தனுக்கு வீட்டுக்குப் போக அவசரம், எனக்கு மண்டை போயிற்று.

போன் செய்யாதே. மணிச் சத்தம் தலைக்குள் போய்க் குடைகிறது. தவிர, உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன்.

தம்பி


செப்டம்பர் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே படித்தேன். எழுத்து கோணலாக இல்லை. எட்டாம் வகுப்பில் எழுதியதைவிட நன்றாகவே இருக்கிறது. அந்தப் பயிற்சி அம்மாவிடம் சொல்.

வராததற்கு என்ன சொல்ல? வேலை. விடுப்பு கேட்கும் நேரத்திலெல்லாம் ஏதாவது ஒரு அவசரக் கோப்பு வந்து நிற்கிறது. சாக்குச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

நீ கேட்காததைச் சொல்கிறேன். உனக்கு வைத்தது வாளி செய்கிற பிளாஸ்டிக் இல்லை. பீக் என்று பெயர். பால் அதிகமாக விட்ட டீயின் நிறம். முந்நூறு டிகிரி தாண்டினாலும் உருகாது. நீராவியில் எத்தனை தடவை அவித்தாலும் அப்படியே இருக்கும். உலோகம் மாதிரி இறுகிப்போய் நிற்காமல் எலும்போடு சேர்ந்து கொஞ்சம் கொடுத்து வாங்கும். ஸ்கேன் எடுத்தால் அது மறைக்காது, கீழே இருப்பது டாக்டருக்கு அப்படியே தெரியும். அதன் ஒரே குணக்கேடு, கட்டியாக வரும்போதே உள்ளுக்குள் ஒரு முறுக்கோடு வரும். அதை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, மணிக்குப் பத்து டிகிரி வீதம் மெதுவாக ஆறவிட்டு முறுக்கை எடுக்கவேண்டும். பிறகு இயந்திரத்தில் கடைய வேண்டும். அவசரப்பட்டால் கோணிக்கொள்ளும்.

யாருடைய தலை என்று எங்களுக்குத் தெரியாது. பெயர் வராது. எண், வயது, எந்தப் பக்கம், அவ்வளவுதான் வரும். தெரிந்தவர் என்று சந்தேகம் வந்தாலே கோப்பைத் தொடாமல் மேலே சொல்லி வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. உன்னுடையதை வேறு யாரோதான் வரைந்தார்கள். நான் பார்க்கவில்லை.

தொப்பியைக் கழற்றாதே. தலையைச் சொறியாதே. டீச்சரை எதிர்த்துப் பேசாதே.

அக்கா


செப்டம்பர் 25

அக்காவுக்கு,

எல்லாம் விளக்கமாகச் சொன்னாய், நன்றி. என்னை எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. பரவாயில்லை, பிளாஸ்டிக் நலமாக இருப்பது தெரிந்து மகிழ்ச்சி.

ஒரு விஷயம் நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள், கையில் ஆரஞ்சுப் பழப் பை. "தம்பி, நான் அந்தக் கம்பெனியில அடுப்பு பார்க்கிறவன். நான்தான் முன்னாடியே திறந்துட்டேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார். அனுப்பும் பெட்டியில் ஒட்டுகிற ஆஸ்பத்திரிப் பெயரை ஞாபகம் வைத்து, அங்கே வார்டில் விசாரித்து, ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. தொப்பியைக் கழற்றினேன். அவர் கையைப் பிடித்து இழுத்துப் பள்ளத்தில் வைத்தேன். "தொட்டுப் பாருங்க. நல்லா தொட்டுப் பாருங்க. உள்ள துடிக்குது தெரியுதா? இதான் நீங்க செஞ்ச வேலை" என்றேன். "மகளுக்குப் பள்ளிக்கூடத்துல அடிபட்டுடுச்சுன்னு போன் வந்துச்சு தம்பி" என்று ஆரம்பித்தார். "உங்க மகளுக்கு மண்டை இருக்கில்ல? போங்க" என்று கதவைச் சாத்தினேன்.

எப்படிக் கொடுத்தேன் பார், என்று அன்று முழுக்கத் தெம்பாக இருந்தது. பழப் பையை அவர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். டீச்சர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் செய்ததில் என்ன தப்பு? நீயே சொல்.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

தப்புதான். அந்த மனிதரை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது.

அவரை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். அடுப்பைத் திறந்த நேரத்தை நோட்டில் அவரேதான் எழுதிவைத்தார். ஒரு மணி நேரம் கூட்டி எழுதியிருந்தால் யாருக்கும் தெரியாது, இன்று வேலையில் இருந்திருப்பார். உண்மையை எழுதியதால்தான் மாட்டிக்கொண்டார். ஆறுகிற கடைசி ஒரு மணி நேரத்தில் திறந்தால் வரக்கூடிய கோணல் ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, புதுத் தகட்டில் இடது நெற்றிப்பொட்டு பக்கம் மூன்று மில்லிமீட்டர் தாழ்த்தி வைக்கச் சொல்லிக் கேள். கம்பெனிக்கு அவர் எழுத்தில் அனுப்பட்டும். பழைய படத்தையே பயன்படுத்தக் கூடாது, புதிதாக வரையவேண்டும் என்றும் சேர்த்து எழுதட்டும். அக்கா சொன்னாள் என்று சொல்லாதே. உனக்கே தோன்றியது என்று சொல். ஏன் என்று கேட்காதே, இதை மட்டும் செய். நவம்பர் 10ஆம் தேதி கட்டியை இயந்திரத்தில் ஏற்றிவிடுவார்கள்.

எப்படி இருக்கிறாய்?

அக்கா


அக்டோபர் 17

அக்காவுக்கு,

கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூணு மில்லிமீட்டர்னு உங்களுக்கு யார் சொன்னது? நான் முதல் தடவையே அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். மாசக் கணக்கில எலும்பு இல்லாம இருந்து உங்க தோல் சுருங்கிப்போச்சு, முழு உருண்டையா வெச்சா இழுத்து மூட முடியாது, அதனால பொட்டுப் பக்கம் தாழ்த்திக் கேட்டேன். அவங்களும் அப்படித்தான் படம் அனுப்பினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். உள்ள வெச்சப்போ இறுக்கமா இருந்துச்சு, சரியாயிடும்னு மூடிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரும் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "எனக்கே தோணுச்சு டாக்டர்" என்றேன். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மண்டையில் மில்லிமீட்டர் எப்படித் தோன்றும்? அவர் என்ன கேனையா?

எனக்கு மண்டையில்தான் ஓட்டை, அக்கா, புத்தியில் இல்லை. என் கோப்பை நீ பார்க்கவே இல்லை என்று எழுதினாய். பார்க்காதவளுக்கு இடது பொட்டு எப்படித் தெரியும்? மூன்று எப்படித் தெரியும்? ஒரு தாள் தடிமன்தான் கோணும் என்றால் மீதி எங்கிருந்து வந்தது? அதே படத்தை வைத்துத்தான் மறுபடி செய்யப்போகிறார்கள் என்றால் எனக்கு மறுபடியும் அதேதானே நடக்கும்?

டீச்சர் இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவைத் தவிர வேற யார்கிட்டயும் கேட்காதீங்க, முதல்ல அவங்களே சொல்லட்டும்" என்றாள். அவளுக்கு உன்மேல் இன்னும் மரியாதை இருக்கிறது. மறைக்காமல் எழுது. இருபத்திநான்கு நாள்தான் இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 24

தம்பிக்கு,

உன் தகட்டை வரைந்தது நான்தான்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்துபோய் டீ போட்டேன், குடிக்காமல் கொட்டினேன், திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 2ஆம் தேதி கோப்பு வந்தது. ஒரு எண், நாற்பத்தொரு வயது ஆண், இடது பக்கம். உனக்கு அடிபட்டிருக்கிறது என்று தெரியும், ஆனால் உன் ஆஸ்பத்திரி எங்களிடம்தான் அனுப்பும் என்று தெரியாது. ஸ்கேனைத் திரையில் திறந்து, நல்ல பக்கம் எப்படி இருக்கிறது என்று திருப்பினேன். வலது காதுக்கு மேலே, கட்டைவிரலை அழுத்தியது மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அதைப் போட்டவளே நான்தானே.

உனக்கு அப்போது நாலு வயது, எனக்கு ஒன்பது. நீ உட்காரப்போன நேரத்தில் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். விளையாட்டுக்குத்தான். நீ சாய்ந்து இரும்புக் கட்டில் மூலையில் மோதினாய். அம்மா ஓடிவந்தபோது, "அவனேதான் குதிச்சான்" என்றேன். கடைசிவரை அம்மா அதைத்தான் நம்பினாள். ஓரிடத்தில் நிற்காத குரங்கு என்று உன்னைத்தான் திட்டுவாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்றே எழுந்துபோய் மேலாளரிடம் "இது என் தம்பி" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறு யாரையும் தொடவிடக் கூடாது, நானே பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. டாக்டரின் குறிப்பையும் படித்தேன். அவர் சொன்னபடியே பொட்டில் மூன்று மில்லிமீட்டர் தாழ்த்தித்தான் முதலில் வரைந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அது சரியான படம், தம்பி. அதை அப்படியே விட்டிருந்தால் நீ இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்தான பிறகு, இயந்திரத்துக்கு அனுப்பும் முன், படத்தின் மேல்பரப்பில் இருக்கும் சொரசொரப்பை நீக்குவதற்காக வரைந்தவரே ஒரு தடவை கோப்பைத் திறக்கலாம். அதற்கப்புறம் யாரும் சரிபார்ப்பதில்லை. நான் திறந்தேன். திரையில் உன் தலை நின்றது. வலது பக்கம் நான் போட்ட பள்ளம், இடது பக்கம் டாக்டர் கேட்ட பள்ளம். இரண்டு பக்கமும் ஒடுங்கிப்போய், பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கத்தையாவது உனக்கு முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நிரப்பினேன். மூன்று மில்லிமீட்டர்தானே, தோல் இழுபட்டுக்கொள்ளாதா என்று நினைத்தேன். இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறவள் நினைக்கிற நினைப்பா அது? வேறு எவன் தலையாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். உன் தலை என்பதால்தான் கெடுத்தேன்.

இதற்கடுத்ததுதான் இன்னும் மோசம். எடுத்த தகடு எங்களுக்குத் திரும்பி வந்தது. அளந்து அறிக்கை கொடுக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். கையெழுத்தான படத்தைவிட மூன்று மில்லிமீட்டர் மேடாக இருக்கிறது என்று எழுதினேன். அது உண்மை. இயந்திரத்துக்குப் போன கோப்பிலேயே அந்த மேடு இருக்கிறது என்று எழுதவில்லை. பிறகு யாரோ அடுப்பு நோட்டைப் புரட்டினார்கள், ஒரு மணி நேரம் குறைந்திருப்பதைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உன் வீட்டு வாசலில் வந்து நின்றதற்கும், நீ அவர் கையைப் பிடித்து இழுத்ததற்கும் காரணம் நான்தான்.

கோப்பைத் திருத்தப் பார்த்தேன். விசாரணை நடந்ததால் பூட்டிவிட்டார்கள். திறக்கக் காரணம் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். காரணம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் டாக்டரிடம் உன்னைக் கேட்கச் சொன்னேன். என் தப்பை உன் வாயால் திருத்தப் பார்த்தேன். எவ்வளவு கேவலம் என்று எழுதும்போதுதான் உறைக்கிறது.

நாளைக் காலை மேலாளரிடம் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தை இன்றே பெட்டியில் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்து பின்வாங்கிவிடுவேன். ஒருவேளை நாளை நான் சொல்லாமல் போனால், இதை உன் டாக்டரிடம் காட்டு. என்னை நம்பி இருக்காதே.

அக்கா


நவம்பர் 9

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். உன் பதில் வரவில்லை. வராது என்று தெரியும், ஆனாலும் தபால் பெட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மேலாளர் கத்தவில்லை. பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "நீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை போயிற்று, அன்று மதியமே என் மேசையைக் காலி செய்துவிட்டேன். என்னிடம் இருந்தது ஒரு ஸ்வெட்டர், ஒரு டம்ளர், இரண்டு ஸ்கேல். அவ்வளவுதான்.

மேலாளரிடம் நேற்றுப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் தகட்டைப் புது ஸ்கேனை வைத்து முதலிலிருந்து வேறொரு பெண் வரைந்துவிட்டாள். கெட்டிக்காரி. அவளுக்கு நீ வெறும் எண்தான், அதனால் நன்றாகச் செய்திருப்பாள். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்தான பிறகு இனி யாரும் எந்தக் கோப்பையும் திறக்கக் கூடாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். பழைய கோப்பை, நான் கிளம்பும் முன், என் கண் முன்னாலேயே அழித்தார்கள். நாளைக்கு இயந்திரத்தில் ஏறுவது சரியான படம், பயப்படாதே.

அடுப்புக்காரர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர், "அப்ப நான் இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் "நான் இல்லையா?" என்றார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்று சொன்னேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை உனக்கு எழுதி எழுதி அடித்துவிட்டேன். கேட்க எனக்கு வாய் இல்லை.

அக்கா


நவம்பர் 21

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. டாக்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுப் புதுப் படத்தை என் எதிரிலேயே அளந்து காட்டினார். டிசம்பர் 2 மாறவில்லை.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. கையைக் குறை சொல்வது நியாயம் இல்லை. மனசு வரவில்லை.

அறுவைக்கு வராதே.

தம்பி


ஜனவரி 8

அக்காவுக்கு,

போன தடவை பிரிந்தது ஐந்தாவது வாரம். இந்தத் தடவை ஐந்து வாரம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. அதைத் தாண்டாமல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். தையல் கெட்டியாக இருக்கிறது. தோல் இழுக்கவில்லை. டாக்டர் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு, அவர் தலையே தப்பித்த மாதிரி பெருமூச்சு விட்டார். மார்ச்சில் தலைக்கவசம் போட்டுப் பார்க்கலாமாம். முதலில் மூன்று மாடிக் கட்டடம், பிறகு பார்க்கலாம் என்கிறார்.

இடது பொட்டு கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கிறது. நாலு நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி ஒரு தோற்றம். டீச்சருக்கு அது பிடித்திருக்கிறதாம், முன்னைவிட யோசிக்கிற ஆள் மாதிரி தெரிகிறேனாம். வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாறுகிறவள், என்ன செய்ய.

அடுப்புக்காரருக்கு நான்கு பக்கம் எழுதினேன். முழுதும் என் கையால்தான். அரைப் பக்கம் பதில் வந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டாராம். ஆனால் அடுப்புப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லி, பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாறிக்கொண்டாராம். "தப்பு என்மேல் இல்லை என்று தெரிந்துவிட்டது தம்பி, ஆனால் கையில் அந்தத் துடிப்பு இன்னும் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கையை அங்கே கொண்டுபோய் வைத்தது நான். அதை நீ எனக்காகச் சுமக்க முடியாது. பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

நாற்காலி இழுத்த கதை எனக்கு ஞாபகமே இல்லை. அந்தப் பக்கம் பள்ளம் இருப்பதையே முடிவெட்டுகிறவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஞாபகம்கூட இல்லாத ஒன்றை நீ முப்பத்தேழு வருடம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தால், ஒரு குட்டு வைத்துவிட்டு மறந்திருப்பேன்.

உன் வேலை போனதை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போகவேண்டியதுதான் என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மை.

ஆனால் எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் தகட்டுக்காக இல்லை, அக்கா. இதை நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். உன்னிடம் நான் அழகான தலையா கேட்டேன்? மார்ச் மாதம் முழுக்க என் மண்டையைத் திரையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாய். அந்த மாதம் முழுக்க நான் இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வலது கை தூக்க வராது. சொல்ல நினைத்தது வாயில் வராது. யாராவது கதவைத் தட்டினால் மட்டும் "அக்காவா பாரு" என்று ஒழுங்காகச் சொல்வேன் என்று டீச்சர் சொல்கிறாள். பால்காரர் வருவார், பக்கத்து வீட்டுக்காரர் வருவார். அடுப்புக்காரர் வந்த அன்றும் நீ என்று நினைத்துத்தான் நானே எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். நீ இல்லை என்ற கோபத்தையும் சேர்த்துத்தான் அந்த மனிதர் மேல் கொட்டினேன்.

பார்க்கச் சகிக்காத தலையோடு பத்து மாதம் இருந்தேன். அதில் ஒரு நாள் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

இந்த வாரக் கடைசியில் வா. நான் உன்னோடு பேசுவேனா என்று எனக்கே தெரியவில்லை. பேசாவிட்டாலும் எழுந்துபோய்விடாதே.

தம்பி